புது போர்டின் தேதி

மெக்கானிக் ரியாஸ் கம்ப்யூட்டரின் பழைய மதர்போர்டைக் கழற்றிப் புதியதைப் பொருத்தி மூடியைத் திருகினான். ஞானதுரை செத்துப்போன பிறகு ஆறு வருடமாக அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் குடும்பம் நடத்துகிறார்.

“ஓஎஸ், அவரு நெனப்பு எல்லாம் அப்படியே இருக்குதுங்க்கா. ஒண்ணும் அழியல” என்றான் ரியாஸ். ஞானதுரையின் மனைவி தமயந்திக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஸ்பீக்கர் கரகரத்தது. “தமயந்தி, நிகிலா காலேஜ்ல இருந்து வந்துட்டாளா?”

மகள் நிகிலா லாரியில் அடிபட்டுச் செத்து இரண்டு வருடம் ஆகிறது.

ரியாஸ் திரையைப் பார்த்துவிட்டுத் தமயந்தியின் காதருகே குனிந்தான். “புது போர்டுல தேதி பழசுங்க்கா. ரெண்டு வருசத்துக்கு முந்தி, ஜூன் மூணு. அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் அவருக்குக் கனவாத்தான் தெரியும். இப்ப மாத்திடறனுங்க.”

“கெட்ட கனவு, தமயந்தி” என்றார் ஞானதுரை. “புள்ள ஸ்கூட்டர்ல போறா. எதுக்க லாரி வருது. ஜூன் பதினொண்ணு, வியாழக்கெழம. தேதி கூட மறக்கல.”

ரியாஸின் விரல் கீபோர்டுக்குப் போனது. தமயந்தி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னைக்கு அவள வெளிய உடாத” என்றார் ஞானதுரை. “வண்டிச் சாவிய எங்கயாச்சும் ஒளிச்சு வெச்சிரு.”

“சரிங்க” என்றாள் தமயந்தி. “இப்பவே வெச்சிடறனுங்க.”

போலீஸ் திருப்பித் தந்த சாவி இரண்டு வருடமாகக் கதவோர ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப்போய் அரிசி டப்பாவின் அடி வரைக்கும் கையை விட்டுப் புதைத்தாள்.

இன்னும் எட்டு நாள் இருந்தது.