கால் ஒடிந்த ‘ன’

“நன்றி சொல்லுத கையா இது? நீட்டுளா.”

தேவகனி வலது கையை நீட்டினாள். இன்ஸ்பெக்டர் லத்தியை ஓங்கி விரல் கணுக்களில் இறக்கினார். ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

மேஜைமேல் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று, தூத்துக்குடி துறைமுகச் சுவரிலிருந்து கிழித்துக் கொண்டுவந்த ‘வெள்ளையனே வெளியேறு’ நோட்டீஸ். இன்னொன்று, உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை. ஓரமெல்லாம் சிறுசிறு சங்குகள் பதித்து, நடுவில் ‘எழுத்துத் தந்தீர்கள். நன்றி’ என்று அச்சுக் குத்தியிருந்தது.

இரண்டிலும் ‘ன’ ஒரே மாதிரி இருந்தது. அதன் கடைசிக் கால் பாதியில் ஒடிந்திருந்தது.

“எந்த அச்சாபீசுலயும் இப்படி எழுத்து கெடையாது. ரெண்டும் ஒரே கட்டையில குத்துனது. இல்லேங்கியா?”

அடுத்த அடி முதுகில் விழுந்தது. நாற்பத்திரண்டாம் வருஷம் செப்டம்பர் மாதம். தண்டவாளம் பெயர்த்தவனுக்கும் நோட்டீஸ் ஒட்டியவனுக்கும் ஒரே அடிதான்.

துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் சாக்கு தைப்பவள் தேவகனி. பதினெட்டு வயது வரை தன் பெயரை எழுதத் தெரியாது. கிருபை டீச்சர்தான் பள்ளிக்கூடம் விட்டதும் கிட்டங்கிக்கு வந்து, சாக்கில் குத்தியிருந்த வியாபாரிகளின் பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டு எழுத்துக்கூட்ட வைத்தார். “நீ மக்கு இல்லளா, ஒனக்கு யாரும் சொல்லித் தரல, அவ்வளவுதான்” என்று டீச்சர் சொன்ன அன்றைக்குத் தேவகனி அழுதாள்.

அந்த எழுத்துகளைத்தான் பிறகு பூவரசங்கட்டையில் இடவலம் மாற்றிச் செதுக்கினாள். நோட்டீஸ் அடிக்க அச்சகங்கள் பயந்தபோது, விளக்குக்கரியையும் வேலம்பிசினையும் குழைத்துக்கொண்டு அவளே உட்கார்ந்தாள். ஒட்டுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்தபின் கொஞ்சம் மை மிச்சமிருந்தது. டீச்சர் ஞாபகம் வந்தது. அட்டை வெட்டி, சங்கு ஒன்று புதிதாகச் செதுக்கி, ஒவ்வோர் எழுத்தாக ஒற்றி எடுத்தாள். தன் பெயரைப் போடவில்லை. டீச்சருக்குத் தெரியாதா என்ன?

டீச்சர் இப்போது உடன்குடிப் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார். விலாசத்தை உறையில் மட்டும் எழுதித் தபாலில் போட்டாள். ஐந்தாம் நாள் போலீஸ் நேரே கிட்டங்கிக்கு வந்து, குனிந்து தைத்துக்கொண்டிருந்தவளின் கூந்தலைப் பிடித்து இழுத்துப் போனது.

யுத்த காலம். தபால்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டது. ஆனால் மேஜைமேல் உறையைக் காணவில்லை. அது எங்காவது கிழிந்து தொலைந்திருந்தால் டீச்சர் தப்பினார்.

“கட்டையெல்லாம் எங்கன வச்சிருக்க?”

“கடல்ல போட்டுட்டேன்.”

பூட்ஸ் கால் அவள் விலாவில் இறங்கியது. சுருண்டு விழுந்தாள்.

“ஒட்டுனவனுவ யாரு? எத்தனை பேரு?”

“தெரியாது.”

கன்னத்தில் விழுந்த அறையில் ஒரு பல் தரையில் தெறித்தது. அதை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னோர் அறை விழுந்தது. ஒரே கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்டார். கட்டை எங்கே, ஆட்கள் யார், காகிதம் கொடுத்தது யார்?

அட்டை யாருக்கு என்று மட்டும் அவர் கேட்கவேயில்லை. எப்போது கேட்டுவிடுவாரோ என்று தேவகனி ஒவ்வோர் அடிக்கும் நடுவில் பயந்தாள். கேட்டால் நாக்கைக் கடித்துத் துப்பிவிட வேண்டும் என்று தீர்மானித்தாள்.

இடது கையையும் நீட்டச் சொன்னார். நீட்டினாள். அந்தக் கையின் விரல்களும் போயின.

மதியச் சாப்பாட்டு நேரம் வந்தது. இன்ஸ்பெக்டர் சட்டையில் தெறித்திருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார். காவலுக்கு ஏட்டு இசக்கியப்பன் மட்டும் இருந்தார். தகரக் குவளையில் தண்ணீர் மொண்டுவந்து, அவளால் பிடிக்க முடியாது என்று கண்டு, தானே வாயில் ஊற்றினார்.

பாதித் தண்ணீர் ரத்தத்தோடு வெளியே வந்தது.

“எதுக்கும்மா இந்தப் பாடு? ரெண்டு பேரச் சொல்லிட்டா விட்டுருவாரு.”

“ஏட்டையா, ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன்.” கும்பிட விரல்கள் சேரவில்லை. “அந்த அட்டை இருந்த கவர் எப்பவாச்சும் கெடைச்சா, யாருக்கும் காட்டாம கிழிச்சுப் போட்டுருங்க.”

“ஏன்?”

“அதுல எங்க டீச்சர் பேரு இருக்கு. எழுத்துச் சொல்லித் தந்தாங்க, அத விட்டா அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. என்னக் கொன்னாலும் சரி, அவங்கள இங்கன கூட்டிட்டு வந்துரக் கூடாது.”

இசக்கியப்பன் குவளையைக் கீழே வைத்தார். வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“யம்மா, ஒங்க டீச்சர்தான் நேத்து பஸ் ஏறி வந்து இந்த அட்டைய எங்ககிட்ட குடுத்து, ஒம் பேரையும் சொல்லிட்டுப் போனாங்க.”