கடைசிப் பெட்டியின் கம்பி

ரோலர் கோஸ்டர் நின்றதும் எல்லோரும் தலைசுற்ற இறங்கினார்கள். கடைசிப் பெட்டியில் ஒரு பெண்ணுக்கு மட்டும் மடிமேல் இருந்த கம்பி திறக்கவில்லை.

"போன வாரமும் இதே சீட்தானேய்யா?" என்று மெக்கானிக்கை முறைத்தார் மேனேஜர். அவருக்கு சீட்தான் நினைவிருக்கும், முகம் நினைவில் நிற்காது. "நாளைக்கே இந்த சீட்டை மாத்திடறேன். மன்னிச்சுக்கங்கம்மா."

"பரவால்ல சார். மெதுவாவே எடுக்கட்டும்."

அந்தப் பெருந்தன்மையில் நெகிழ்ந்துபோன மேனேஜர், அவளுக்கு ஜூஸ் வாங்கப் போனார்.

மெக்கானிக் பெட்டிக்கு அடியில் கையை விட்டான். அங்கே ஒரு லீவர் இருக்கிறது. ஒரே இழுப்பில் கம்பி திறந்துவிடும். அவன் இழுக்கவில்லை.

"இளைச்சுட்டீங்க" என்றாள் அவள்.

"நீ மட்டும் என்னவாம்? கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு."

"நைட் டூட்டி முடிஞ்சு நான் வீட்டுக்கு வர்றப்போ நீங்க கெளம்பிடறீங்க. கட்டில்ல உங்க சூடு மட்டும்தான் இருக்கு."

"சாயங்காலம் நான் வந்தா, நீ கெளம்பிப் போய் உன் சூடும் ஆறிப் போயிருக்கு."

தூரத்தில் மேனேஜர் ஜூஸோடு வருவது தெரிந்தது.

"நாளைக்கு இந்த சீட்டை மாத்திடுவாராமே?" என்றாள்.

புருஷன் லீவரை இழுத்தான்.

"அடுத்த வாரம் முன் சீட்ல உக்காரு."