கதவுக்கு அந்தப் பக்கம்

"புது அதிகாரி இன்னிக்கும் கதவைச் சாத்திக்கிட்டாருண்ணே. திமிரு! நம்ம மொகத்துல முழிக்கவே புடிக்கல போலருக்கு," என்றார் ஆபீஸ் சேவகர் மதார் சாகிப். கையோடு இன்னொன்றும் சொன்னார். "நாளைக்குக் காலையில உங்களைத் தனியா வரச் சொன்னாரு."

சூசைநாதன் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. நில வரி ஆபீஸ் குமாஸ்தாவான அவர் இத்தனை வருஷமும் எழுதியது பிரெஞ்சில். இங்கிலீஷ் சுத்தமாக வராது. இங்கிலீஷ் தெரியாதவர்களை வீட்டுக்கு அனுப்பத்தான் மெட்ராசிலிருந்து ஞானசிகாமணி என்ற இந்த அதிகாரி வந்திருக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு.

ராத்திரி சோறு இறங்கவில்லை.

"தட்டையே பாத்துக்கிட்டிருந்தா இங்கிலீஷ் வந்துருமா?" என்றாள் மனைவி லூர்தம்மா.

"ரெண்டு பொண்ணை வச்சிருக்கோம். வேலை போனா என்னடி செய்யிறது?"

"காலையில மாதா கோயில்ல நொழஞ்சிட்டுப் போங்க. அழுவுறதா இருந்தா அங்க அழுவுங்க. என் மீன் கொழம்பு முன்னாடி வேணாம்."

காலையில் கோயிலில் யாருமில்லை. முழந்தாளிட்டார்.

"தாயே, எனக்கு இங்கிலீஷ் வராது. இனிமேயும் வராது. பயந்து பயந்து என்னால முடியல. இந்தக் கவலையை இங்கேயே வச்சிட்டுப் போறேன். நீயும் உன் மகனும் பாத்துக்குங்க."

வெளியே வந்ததும் பசித்தது. அவருக்கே ஆச்சரியம். காதர் பாட்சா கடையில் ஆப்பத்தை வெளுத்துக்கட்டிவிட்டு ஆபீசுக்கு நடந்தார்.

வழியெல்லாம் 'குட்மார்னிங் சார், குட்மார்னிங் சார்' என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். உள்ளே போனதும் வாயிலிருந்து குதித்தது பழைய பிரெஞ்சு வணக்கம்.

"போன்ழூர், முசியே!"

அதிகாரி எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

நேற்றாக இருந்தால் சூசைநாதன் அங்கேயே மயங்கி விழுந்திருப்பார். இன்று சிரிப்புத்தான் வந்தது.

"ஐயா, மறைச்சு என்னங்க ஆவப்போவுது? எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. பிரெஞ்சு மட்டுந்தான். அப்புறம் உங்க இஷ்டம்."

அதிகாரி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மேஜை நிறைய பிரெஞ்சு ஃபைல்கள், பிரித்தது பிரித்தபடி. அதிகாரியின் வெள்ளைக் கால்சட்டையில் முழங்கால் இரண்டிலும் புழுதி.

"மெதுவாப் பேசுங்க. எனக்குப் பிரெஞ்சுல ஒரு வார்த்தை தெரியாது. இதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டேன், வாய் வரல. வந்த நாள்லேருந்து கதவைச் சாத்திக்கிட்டு முழங்கால்ல நின்னு, 'ஆண்டவரே, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ல தைரியம் தாரும்'னு ஜெபம் பண்ணிட்டிருக்கேன். நீங்க முந்திக்கிட்டீங்க!"