அழ விடாதீங்க

"தயவுசெஞ்சு குழந்தையை அழ விடாதீங்க!"

எதிர் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் அம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆசைப்பட்டா அழ விடுகிறோம்?

சாயங்கால ரயில். ஆபீஸ் விட்டு வீடு திரும்பும் கூட்டம். அம்மாவின் மடியில் ரெண்டரை வயசுப் பொடிசு, பெட்டியே அதிரக் கத்திக்கொண்டிருந்தது.

காரணம் ரொம்பச் சின்னது. கொஞ்ச நேரம் முன்னால் டிக்கெட் பரிசோதகர் வந்தார். பொடிசு கசங்காமல் கையில் பொத்தி வைத்திருந்த டிக்கெட்டை வாங்கினார். 'க்ளிக்' என்று ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான்.

"டிக்கித்துக்கு வலிக்குது!"

"வலிக்காதுடா செல்லம். அது வெறும் பேப்பர்" என்றார் அப்பா.

"வலிக்குது! ஓட்டை வேணாம்! ஓட்டையை எடு!"

அப்பா பூட்டு ரிப்பேர் செய்பவர். சாவி தொலைந்த அலமாரியை ஒரு கம்பியை வைத்துத் திறந்துவிடுவார். ஆனால் ஓட்டையை எப்படி எடுப்பது?

டிக்கெட்டை வாங்கி 'உஃப் உஃப்' என்று ஊதினார். முத்தம் கொடுத்தார். "பாரு, சரியாப் போச்சு!"

பொடிசு அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தது. ஓட்டை வழியாக வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. அழுகை இன்னும் ஒரு கட்டை ஏறியது.

"என்னங்க, ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறீங்க. இந்த வாயை மூட ஒரு வழி பண்ணுங்களேன்!"

"இது உங்க வீட்டுப் பூட்டாச்சே. என் கம்பி செல்லுபடியாகாது."

அம்மா முறைத்தாள்.

எதிரே அந்தப் பெண் கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். மடிப்புக் கலையாத இளநீலச் சட்டை. முகத்தில் சிரிப்புக்கே இடமில்லை.

ஊதியும் குணமாகாத டிக்கெட்டைப் பொடிசு அவளிடம் நீட்டியது. "ஆன்ட்டி, ஓட்டை!"

அவள் கை பாதி தூரம் வந்தது. என்ன நினைத்தாளோ, சட்டென்று இழுத்துக்கொண்டாள். பையை இன்னும் இறுக்கிக்கொண்டு எழுந்தாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு போய், கதவோரமாக, இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

ஆன்ட்டியும் கைவிட்டதில் பொடிசுக்கு அழுகை பீறிட்டது.

"பார்த்தீங்களா? உட்கார்ந்திருந்த இடத்தை விட்டுட்டுப் போய் நிக்கிறாங்க. நம்ம குழந்தை என்ன, தொத்து வியாதியா?"

"விடு. நாள் பூரா வேலை பார்த்துட்டு வந்திருப்பாங்க."

"நான் மட்டும் என்ன, தூங்கி எழுந்தா வரேன்?" அம்மா குரலை உயர்த்தினாள். "ஒண்ணு பெத்து வளர்த்தாத்தானே இவங்களுக்கெல்லாம் தெரியும்!"

நாலு சீட்டுக்குக் கேட்டது. கதவோரத்தில் அந்தத் தோள்கள் ஒரு தரம் குலுங்கி அடங்கின.

அப்பாவுக்குச் சங்கடமாகிவிட்டது. பேச்சை மாற்ற வேண்டும். "பொடிசு! ஓட்டையில இருந்த துண்டு எங்கே போச்சு? அதைக் கண்டுபிடிச்சு ஒட்டிடலாமா?"

அழுகை பாதியில் நின்றது. "ஒட்டு!"

வசமாக மாட்டிக்கொண்டார். சீட்டுக்கு அடியில் மண்டி போட்டுத் தேட ஆரம்பித்தார். பக்கத்து சீட்டுக்காரர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இதோ, இதோ!" என்றார். எடுத்துப் பார்த்தால் பிஸ்கட் தூள்.

அந்த நேரம் பார்த்துப் பரிசோதகர் திரும்பி வந்தார். "என்ன சார் தேடறீங்க?"

"நீங்க போட்ட ஓட்டையைத்தான் சார்."

விஷயத்தைக் கேட்டவர் சிரிக்கவில்லை. ஓட்டை போடும் கருவியைத் திருப்பி, அடியில் தட்டினார். உள்ளங்கை நிறைய பொட்டுப் பொட்டாகக் காகித வட்டங்கள் கொட்டின.

"உன்னோடது எது? நீயே எடுத்துக்கோ."

பொடிசு ரொம்ப நேரம் ஆராய்ந்தது. டிக்கெட்டோ வெள்ளை. அது எடுத்ததோ மஞ்சள்.

"இதான்!"

எச்சில் தொட்டு ஓட்டைமேல் ஒட்டியது. ஒட்டிக்கொண்டது! பெட்டியே சிரித்தது. பொடிசு மூக்கு ஒழுகலோடு எல்லோருக்கும் டிக்கெட்டைக் காட்டியது. "வலி போச்சு!"

இவர்கள் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்துகொண்டிருந்தது. அம்மா பொடிசை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்கு வந்தாள். அந்தப் பெண் இன்னும் திரும்பவே இல்லை. அம்மாவுக்கு மனசு ஆறவில்லை.

"அழுகை நின்னுடுச்சுங்க. இனிமே நீங்க நிம்மதியாப் போய் உட்காரலாம்!"

அவள் திரும்பினாள். கண்கள் சிவந்திருந்தன. ரயில் பிரேக் போட்டுக் குலுங்கியதில், விழாமல் இருக்க மேலே இருந்த கம்பியைப் பிடித்தாள். நெஞ்சோடு அணைத்திருந்த பை நழுவியது.

இளநீலச் சட்டையின் முன்பக்கம், ரெண்டு பக்கமும் நனைந்து கருநீலமாகியிருந்தது.

அம்மாவுக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. பொடிசை அப்பாவிடம் தள்ளிவிட்டு, தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்தி, முன்னால் இழுத்து மூடினாள்.

"இறங்கற வரைக்கும் எடுக்காதீங்க. நீங்களே வச்சுக்குங்க" என்றாள்.

அந்தப் பெண் சால்வையைப் பற்றிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"வீட்டுல மூணு மாசக் கைக்குழந்தை இருக்குங்க. இன்னிக்குத்தான் மறுபடி வேலைக்கு வந்தேன். எந்தக் குழந்தை அழுதாலும் என்னோடதுன்னு நினைச்சுக்கிட்டு... பால் சுரந்துடுதுங்க."