டிமிக்கியின் அம்மா

"அம்மாவைச் செவ்வாய்க்கிழமை கொன்னுடலாம்" என்றார் இயக்குநர்.

"புதன்கிழமை வச்சுக்குங்க. செவ்வாய்க்கிழமைக்குள்ள பெயிண்ட் காயாது" என்றார் கலை இயக்குநர். "இன்னொண்ணு, வீடு ஒண்ணுதான் கட்டியிருக்கேன். ஒரு தடவைதான் எரியும்."

சாக வேண்டிய அம்மா, மேசையின் மறுமுனையில் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். திரையில் எத்தனையோ விதமாகச் செத்துப் பழகியவர். "தம்பி, முதல்ல மூச்சு நிக்கணுமா, கை விழணுமா? அதை மட்டும் சொல்லிடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார்.

டிமிக்கியைத் தெரியாதவர்கள் கிடையாது. ஓட்டை விண்கலம் ஒன்றை வைத்துக்கொண்டு கோளுக்குக் கோள் சரக்குக் கடத்துகிறவன். மூன்று படங்களில் ஒரு பேரரசே துரத்தியும், பிடித்த பிறகும் நழுவிவிட்டவன். அவன் எப்படி அப்படி ஆனான் என்பதுதான் இப்போது எடுக்கும் படம்.

டிமிக்கியை உருவாக்கியவர் இயக்குநரின் அக்கா. மூன்று படங்களையும் எழுதியவர். பெரிய பெரிய ஆட்கள் கேட்டும் அவன் முன்கதையை எடுக்க விடாதவர், தம்பிக்கு மட்டும் இறங்கி வந்தார்.

"ஆனா ஒண்ணு. அவனைப் பத்தி நான் எழுதாததை நீயா சேர்க்கக் கூடாது. சேர்த்தே, படத்தை நிறுத்திடுவேன். தம்பின்னெல்லாம் பாக்க மாட்டேன்."

"நான் எழுதியிருக்கற கதையை ஒரு தடவை படிச்சுடேன், அக்கா."

"படிச்சா திருத்த ஆரம்பிச்சுடுவேன். முக்கியமான சீன் எடுக்கறப்போ கூப்பிடு, வந்து பாக்கறேன்."

தம்பி எதையும் விதியின் கையில் விடுகிற ஆள் இல்லை. உதவியாளர்களோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பழைய படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். டிமிக்கி வாயிலிருந்து வந்த ஒரு சொல்லையும் விடவில்லை. நிற்கச் சொன்ன சுங்க அதிகாரியிடம் தனக்குக் காது மந்தம் என்று அவன் ஓரிடத்தில் சொல்லியிருந்தான். அதற்காகப் புதிய படத்தில் அவன் காதருகே ஒரு குண்டுவெடிப்பு வைத்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் படத்தின் சிறைக் காட்சி. குழந்தையாக இருந்தபோது வீடு பற்றி எரிந்ததையும், அம்மா தன்னை ஜன்னல் வழியாக வெளியே தள்ளிவிட்டு உள்ளேயே கருகிப்போனதையும் காவல்காரியிடம் டிமிக்கி சொல்லுவான். கேட்டுத் தேம்பித் தேம்பி அழுத காவல்காரி, தானே அவன் கைவிலங்கைக் கழற்றிவிடுவாள். தியேட்டரில் மூக்கு உறிஞ்சாத ஆளே இருந்ததில்லை. புதிய படத்தின் முதுகெலும்பே அந்தத் தீதான்.

புதன்கிழமை அக்கா வந்தார். மானிட்டருக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

தகரக் கூரைக்கு அடியில் தீ பிடித்தது. சின்ன டிமிக்கி ஜன்னல் வழியாக வந்து செங்கல் பொடியில் விழுந்தான். ஜன்னலில் தெரிந்த அம்மாவுக்கு முதலில் மூச்சு நின்றது. பிறகு கை விழுந்தது. விளக்குப் பிடித்தவர் தோள்பட்டையில் கண்ணைத் துடைத்தார். 'கட்' சொல்ல இயக்குநர் மறந்தே போனார். சொன்னபோது வீடு மொத்தமும் தரையோடு தரையாக இருந்தது.

பின்வாசல் வழியாக வெளியே வந்துவிட்ட அம்மா நடிகைக்கு யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். மற்ற எல்லோரும் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அழுகையா புகையா என்று சொல்ல முடியவில்லை.

"நல்லா செஞ்சிருக்காங்க" என்றார். "யாருடா அந்தம்மா?"

"டிமிக்கியோட அம்மா, அக்கா."

"அவ எதுக்குடா சாகறா?"

"என்னக்கா இப்படிக் கேக்கறே? நீ எழுதினதுதான். ஜெயில் சீன்ல அவனே தன் வாயால சொல்றானே! ஒரு வார்த்தைகூட நான் மாத்தலை."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புகைந்துகொண்டிருந்த சாம்பலையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவன் என்னைக்குடா உண்மை பேசியிருக்கான்?"