ஒற்றைத் திமில்

திரையில் கோடு ஏறத் தொடங்கியதும் மெர்ரின் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

கிளேட்டனில் அவள் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் அவளுக்குப் பெயரே ஒட்டகக்காரி.

அவள் செய்யப் பார்த்த மூலக்கூறுக்கு நடுவில் ஒரு கரு, அதிலிருந்து ஒரே நீளத்தில் நான்கு பாலிமர் கைகள். அப்படி வளர்ந்தால் அது நட்சத்திரம். வளரும் வேகம் கொஞ்சம் கட்டு மீறினாலும் ஒரு நட்சத்திரம் இன்னொன்றோடு கைகோத்துக்கொள்ளும், மூலக்கூறுகளின் அளவைக் காட்டும் திரைப்படத்தின் கோட்டில் ஒன்றுக்குப் பதில் இரண்டாவது திமிலும் முளைத்துவிடும். பதினான்கு மாதமாக அவளுக்கு முளைத்துக்கொண்டே இருந்தது.

நாளைக்குள் ஒற்றைத் திமில் வராவிட்டால் இந்த ஆராய்ச்சியை மூடிவிடலாம் என்று தலைவர் லாக்லன் சொல்லியிருந்தார்.

கலவை முழுவதும் பாலிமராகும்வரை காத்திருப்பதுதான் அங்கே வழக்கம். மெர்ரின் இந்த முறை பாதியிலேயே குடுவையைப் பனிக்கட்டிக்குள் இறக்கிவிட்டாள். பாதிதான் கிடைக்கும், ஆனால் கிடைப்பது சுத்தமாக இருக்கும் என்று நினைத்தாள்.

கோடு ஊசிபோல் உச்சிக்குப் போய் இறங்கியது. மறுபடி ஏறவே இல்லை.

அவளுக்குப் பெருமையாக இருந்தது, கொஞ்சமும் கூச்சமில்லாமல் பெருமையாக இருந்தது.

கையில் தேநீர்க் கோப்பையோடு வந்த லாக்லன் படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"மறுபடியும் மாத்திப் போட்டுட்டியாம்மா? இது மெஷினைச் சரிபார்க்க நாம வெளியில வாங்கி வச்சிருக்கிற சரக்கு. கையால செஞ்சது இவ்ளோ ஒழுங்கா வராது."

மூன்று மாதம் முன்பு அவள் தன்னுடையதற்குப் பதில் அந்தச் சரக்கை மெஷினில் நிஜமாகவே மாற்றிப் போட்டவள்தான். எல்லோருக்கும் லாமிங்டன் கேக் கொடுத்துக் கொண்டாடிய பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இன்று அவளுக்குக் கோபம் வரவில்லை. இதைவிடப் பெரிய பாராட்டு அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

மேலங்கிப் பையிலிருந்து அந்த வெளிச் சரக்குப் புட்டியை எடுத்து அவர் முன் வைத்தாள். ஆய்வகத்தில் இருப்பதே அது ஒன்றுதான். மூடியைச் சுற்றி ஒட்டிய காகிதம் கிழியாமல் இருந்தது. அதன்மேல் லாக்லனின் கையெழுத்து. எதை நீட்டினாலும் படிக்காமலே போட்டுத்தரும் கையெழுத்து. பக்கத்தில் நேற்றைய தேதி. கலவையைச் சூடேற்றும் முன்பே வாங்கி ஒட்டியிருந்தாள்.

லாக்லன் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்போ, இப்படி வரும்னு உனக்கு நேத்தே தெரியுமா?"

"தெரியாது. வந்தா நீங்க நம்ப மாட்டீங்கன்னு தெரியும்."