இரண்டாவது கேபிள்

“அந்த ரெண்டாவது கேபிள் ‘க்ளிக்’னு உட்கார்ந்துச்சா? நல்லா அமுக்கிப் பாரு” என்றாள் யா-சிங்.

“உட்கார்ந்துச்சு தாயே! கல்யாணத்தன்னிக்கு மோதிரத்தைக்கூட நீ இவ்வளவு சோதிக்கல” என்றான் அவள் கணவன் மிங்-டா.

“மோதிரம் கழண்டா எடுத்து மாட்டிக்கலாம். இது கழண்டா மொத்தமும் போச்சு.”

“சரி, உன் பக்கம்?”

“மாட்டியாச்சு. என் வேலையில குத்தம் கண்டுபிடிக்க வராதே.”

தைபேயின் கணினிச் சந்தையில், கடைகளுக்கு நடுவே மேடை போட்டிருந்தார்கள். மேஜைமேல் மதர்போர்டு திறந்தபடி கிடந்தது. போர்டுப் பக்கம் மிங்-டாவின் பொறுப்பு, பவர் சப்ளைப் பக்கம் யா-சிங்கின் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில் இரண்டு தடித்த கேபிள்கள். சாதாரணமாக ஓட ஒன்றே போதும். பிராசசரை அதன் சக்திக்கு மீறி விரட்ட வேண்டுமென்றால்தான் இரண்டாவதும் வேண்டும்.

அது பழைய பிராசசர். தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அதன் வேகப் பட்டியலையும் இன்றோடு மூடுகிறார்கள். இன்று முதலிடத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அது என்றைக்கும் அங்கேயே இருக்கும்.

முதலிடத்தில் ‘பால்மீன்’ என்றொரு புனைபெயர். இரண்டாம் இடத்தில் மிங்-டா. எத்தனை வருஷமாக இரண்டாம் இடம்! எத்தனை போர்டைப் பொசுக்கியிருப்பான்! நேற்று வீட்டில்தான் முதல்முறையாகப் பால்மீனின் எண்ணைத் தாண்டினான். ஆனால் வீட்டில் தாண்டினால் கணக்கில் வராது, மேடையில் தாண்ட வேண்டும்.

“இன்னிக்கு உன் பேரு மேல வந்துரும் பாரு” என்றாள் யா-சிங்.

“நம்ம பேருன்னு சொல்லு. உனக்காகத்தானே வந்தேன்.”

“ஆமா, எனக்காக! தூக்கத்துலகூட கிகாஹெர்ட்ஸ்னு பொலம்புறது யாராம்?”

அவன் சிரித்தான். குனிந்து, இரண்டாவது பிளக்கின்மேல் கடைசியாக ஒரு தடவை விரலை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

தொகுப்பாளர் மைக்கைப் பிடித்தார். “ஏ பால்மீனு! எங்கப்பா போனே? ரெண்டு வருஷமா ஆளையே காணோம்! பயந்து குளத்துக்குள்ள ஒளிஞ்சுட்டியா? இன்னிக்கு உன் கதை முடியப் போகுது, வந்து பாரு!”

கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. யா-சிங் திரவ நைட்ரஜன் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

பவர் சப்ளையின்மேல் பச்சைநிறச் சோளப்பொரி பாக்கெட் ஒன்று இருந்தது. இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்கும் என்று நம்பித் தைவானில் எல்லாரும் வைப்பதுதான். தொகுப்பாளர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“அடக் கடவுளே! காலாவதியான பாக்கெட்டு! இதை வச்சா மெஷின் எங்கேருந்து அடங்கும்? யாராவது புதுசா ஒண்ணு வாங்கிட்டு வாங்கப்பா!”

“அதைத் தொடாதீங்க!”

யா-சிங் போட்ட சத்தத்தில் மனிதர் பாக்கெட்டை வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார்.

பிராசசரைக் குளிரவைக்க அவள் நைட்ரஜனை ஊற்றினாள். வெண்புகை மேஜையை விட்டு வழிந்தது. மிங்-டா விசைப்பலகையைத் தட்டினான். திரையில் எண் ஏறியது.

“ஏறுது... ஏறுது... இன்னும் கொஞ்சம்!” கூட்டம் எழுந்து நின்றது. பால்மீனின் எண்ணுக்கு மயிரிழை கீழே வந்து நின்றது.

“கடைசித் தட்டு தட்டவா?” என்றான் மிங்-டா.

“தட்டு” என்றாள்.

தட்டினான். திரை கறுத்தது. மின்விசிறிகள் நின்றன.

“போச்சு!” என்று கூட்டம் அலறியது.

“நான் அப்பவே சொன்னேனே, எல்லாம் அந்தப் பாக்கெட்டு பண்ற வேலை!” என்றார் தொகுப்பாளர். மறுபடி குளிரவைத்து ஓட்ட நேரமில்லை. மணி அடித்தது, பட்டியல் மூடியது. யா-சிங்கின் கண்கள் நிறைந்து வழிந்தன. தொகுப்பாளருக்கே மனசு கேட்கவில்லை. “அழாதேம்மா, வேற சிப்ல பார்த்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போனார்.

மிங்-டா அவசர அவசரமாகக் கேபிள்களைச் சுருட்டத் தொடங்கினான். இரண்டாவது கேபிள் அவள் கண்ணில் படக்கூடாது. போர்டில் அதன் பிளக் சும்மா ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. கடைசியாக விரலை வைத்தபோது அவனே தளர்த்தி வைத்தது அது. அழும் மனைவியைப் பார்க்கப் பார்க்க, பாவி, என்ன காரியம் செய்தோம் என்று தன்னையே நொந்துகொண்டான்.

மறுமுனையைப் பவர் சப்ளையிலிருந்து பிடுங்கக் கையை நீட்டினான். பிடுங்க வேண்டியிருக்கவில்லை. தொட்டதுமே அது கையோடு வந்துவிட்டது.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“என்னை மன்னிச்சிடு” என்று விசும்பினாள் யா-சிங். “உன் பேரு மேல வரணும்னுதான் நிஜமா வந்தேன். மாட்டினவளும் நான்தான், கடைசி நேரத்துல கழட்டினவளும் நான்தான். மனசு வரல.”

மிங்-டா கேபிளின் தன் பக்க நுனியைத் தூக்கிக் காட்டினான். “எனக்கு மட்டும் வந்துச்சாக்கும்?”

அவள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு காலாவதியான பாக்கெட்டை நொறுங்காமல் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அண்ணன் சாகறதுக்கு முன்னாடி தன் கையால வாங்கி வச்சதுல இது ஒண்ணுதான் மிச்சம்னு நெனச்சேன்” என்றாள். “இனிமே பட்டியல்ல அண்ணன் பேரும் இருக்கும்.”

மேலே திரையில், முதலிடத்தில், பால்மீன் அசையாமல் இருந்தான்.